பால்ம நீக்கம் என்று நான் எழுதியது

மைனிக்கு,

இன்று காலை அடுப்பில் வைத்த பால் கெட்டுப்போயிற்று. வாங்கி வைத்தவர் இவர்தான், இரவில் குளிர்ப்பெட்டிக்குள் வைக்க மறந்தவரும் இவர்தான். பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "பாலு பிரிஞ்சு போச்சே" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"பிரியல்ல, திரிஞ்சிருக்கு. பிரியணும்னா கொழுப்பு தனியா வெளிய வரணும். இதுல கொழுப்பெல்லாம் கட்டிக்குள்ள மாட்டிக்கிட்டுல்லா கெடக்கு. தயிர் வேற, வெண்ணெய் வேற."

இவர் பாத்திரத்தை என் பக்கம் தள்ளினார். "ஏட்டி, எனக்கு காப்பி உண்டா இல்லியா, அத மட்டும் சொல்லு" என்றார்.

காப்பி இல்லை. கருப்பட்டி போட்டுக் கடுங்காப்பி வைத்துக் கொடுத்தேன். கொடுத்த கையோடு உங்கள்மேல் கோபம் வந்தது. நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது மைனி. இன்னும் என் சமையலறையில் நின்று என் வாயால் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இருபத்தாறு வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள் நான். என் சொற்களையாவது என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

நீங்களும் அண்ணனும் வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தபோது மற்றவர்கள் தங்கமும் கம்பளியும் கொண்டுவருவதுபோல நீங்கள் ஒரு சொல்லைக் கொண்டுவந்தீர்கள். டீமல்சிஃபிகேஷன். எண்ணெய்க் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் பதினொரு வருடம் அதைத்தான் செய்தேன் என்றீர்கள். கிணற்றிலிருந்து வரும் எண்ணெய் தனியாக வராது, உப்புத் தண்ணீரையும் கட்டிப்பிடித்துக்கொண்டு கலங்கிய குழம்பாக வரும், அதைக் குப்பிகளில் எடுத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு மருந்தைச் சொட்டுச்சொட்டாக விட்டுக் குலுக்கி வைத்து, எதில் தண்ணீர் சீக்கிரம் அடியில் இறங்குகிறது என்று பார்த்துக் குறிப்பதுதான் வேலை. "பதினோரு வருஷம் தண்ணி எறங்கதப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்று கல்யாண வீட்டுப் பந்தியில்கூடச் சொல்வீர்கள். பக்கத்தில் இருக்கிறவர் பருப்பும் நெய்யும் பிசைந்துகொண்டே தலையாட்டுவார். பிறகு யாராவது தெரியாத்தனமாக, "அப்படின்னா என்னதாக்கும்?" என்று கேட்டுவிடுவார்கள். பாயசம் வரும்வரை பேச்சு ஓயாது.

தக்கலை வீட்டில் முன்னறை ஜன்னலில் நீங்கள் வரிசையாக வைத்த ஆறு ஊறுகாய்க் குப்பிகளை நான் எப்படி மறப்பேன்? எல்லாவற்றிலும் தேங்காய்ப்பால். ஒன்று வெயிலில், ஒன்று நிழலில், ஒன்றில் ஒரு சிட்டிகை உப்பு, ஒன்றில் எலுமிச்சைச் சாறு, ஒன்று குளிர்ப்பெட்டியில் கட்டியாக்கி எடுத்தது, ஒன்று சும்மா. கிறிஸ்துமஸ் அன்று இருபது பேர் சாப்பிட வந்திருந்தோம். ஜன்னலோர மேசையைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டீர்கள். எல்லாரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். எங்கள் பெரியப்பாவின் வெள்ளை வேட்டியில் கோழிக்குழம்பு கொட்டியது. நான் உதவி செய்கிறேன் என்று ஒரு குப்பியை எடுத்துக் கவிழ்த்துக் கழுவிவிட்டேன். நீங்கள் அடுக்களையிலிருந்து ஓடிவந்தீர்கள்.

"ஏட்டி, பதினாறு மணிக்கூர் வச்ச குப்பியாக்கும் அது! இன்னும் ரெண்டு மணிக்கூர்ல ஒடைஞ்சிருக்கும்!"

"ஒடைஞ்சிருக்குமா? நல்லவேளை, நான் பைய எடுத்தேன்" என்றேன். குப்பி உடைவதைச் சொல்கிறீர்கள் என்றே நினைத்தேன். உள்ளே பால் உடைந்து எண்ணெய் பிரிவதைச் சொன்னீர்கள் என்று புரிய எனக்கு அன்று மாலை ஆனது.

சபையின் பெண்கள் ஐக்கியத்தில், காய்ச்சாமல் தேங்காயெண்ணெய் எடுக்கும் முறையை ஊர்ப் பெண்கள் குழுக்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு சிறு புத்தகம் வேண்டும் என்று முடிவானது. நீங்கள் விஷயத்தைச் சொல்ல வேண்டும், நான் தமிழில் எழுத வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவதி யார் என்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்தால் கேட்பேன்.

ஏழு பக்கம் சண்டையில்லாமல் போயிற்று. தேங்காய் துருவுவது, பால் பிழிவது, அசையாமல் வைப்பது, மேலே கெட்டிப்பால் ஏறியதும் அடித்தண்ணீரைத் திறந்து விடுவது. எட்டாம் பக்கத்தில் அந்தக் கெட்டிப்பாலை உடைத்து எண்ணெயைத் தனியாக வரவைக்கும் படி வந்தது. அங்கேதான் உங்கள் சொல் உட்கார்ந்திருந்தது.

நான் "பால்ம நீக்கம்" என்று எழுதினேன். இப்போதும் சொல்கிறேன், காரணமில்லாமல் எழுதவில்லை. பாலைப்போல ஒன்றுக்குள் ஒன்று கலந்து நிற்பது பால்மம். உப்பை அகற்றுவது உப்பு நீக்கம், ஈரத்தை அகற்றுவது ஈர நீக்கம். அப்படியென்றால் இது பால்ம நீக்கம். சொல் கச்சிதமாக இருந்தது. படித்துப் படித்துப் பார்த்து நானே மகிழ்ந்துபோனேன்.

நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தீர்கள். நீங்கள் அதைக் கழற்றினால் தப்பு கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

"உப்ப நீக்குனா எது வெளிய போவும்?"

"உப்பு."

"ஈரத்த நீக்குனா?"

"ஈரம். மைனி, நான் ஒண்ணாங்கிளாஸ் இல்ல."

"செரி, பால்மத்த நீக்குனா எது வெளிய போவும்? சொல்லு பாப்போம். ஒண்ணும் போவாது. எண்ணெயும் அங்கனதான் இருக்கும், தண்ணியும் அங்கனதான் இருக்கும். பால்மம்ங்கது ஒரு சாமான் இல்லட்டி. ரெண்டு சாமான் சேந்து இருக்க இருப்பு அது. சண்டைய நீக்குனா சண்டக்காரன தூக்கி வெளியவா போடுவா? கலைஞ்சு அவனவன் வீட்டுக்குப் போவான், அம்புடுதான்."

"அது விளக்கம். நான் கேக்கது கலைச்சொல்."

"நீக்கம்னு போட்டா எடுத்துக் கொட்டத்தான் செய்வாளுவ, கேட்டியா."

"யாரும் அவ்வளவு முட்டாள் இல்ல மைனி."

மூன்று வாரம் இதே சண்டை. சபையிலிருந்து ஒருவர் சமாதானம் செய்கிறேன் என்று வந்து, ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றி ஷீட் ஆக்குவதுபோலத்தானே, "உறைதல்" என்று போட்டுவிடுங்களேன் என்றார். உடனே நாம் இருவரும் ஒரே கட்சியாகி அவரைத் துரத்தினோம். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதுதான் உறைதல், இது வேறு என்று அவருக்கு அரைமணி நேரம் வகுப்பெடுத்தீர்கள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அவர் போனதும் மறுபடி சண்டை.

கடைசியில் நீங்களே அந்த வரியை அடித்துவிட்டு, "எண்ணெயும் தண்ணீரும் தானே பிரிய விடவும்" என்று எழுதினீர்கள். எனக்கு அது சின்னப்பிள்ளை எழுதியதுபோலப் பட்டது. ஆனாலும் சரி என்றேன். மறுவாரம் உங்களை நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கட்டி என்று தெரிந்தது. அந்த வெப்ராளத்திலும் பதற்றத்திலும் வீடே கலங்கிக் கிடந்தபோது, மெய்ப்புத் திருத்த அச்சகத்துக்கு நான் மட்டும் போனேன்.

இதை இதுவரை அண்ணனிடமும் சொன்னதில்லை. எட்டாம் பக்கத்தில் உங்கள் வரியை அடித்துவிட்டு, "பின்னர் பால்ம நீக்கம் செய்யவும்" என்று என் கையால் எழுதினேன். உங்கள் நோயைச் சாக்காக வைத்துச் செய்தேன் என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. தமிழுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். உங்களுக்கு இதற்கெல்லாம் இப்போது நேரம் ஏது என்றும் நினைத்தேன். இரண்டாவது நினைப்புக்காகத்தான் எனக்கு இன்னும் தூக்கம் கெடுகிறது.

அச்சான புத்தகத்தைக் கட்டிலில் சாய்ந்தபடி நீங்கள் புரட்டினீர்கள். எட்டாம் பக்கத்தில் நின்றீர்கள். நான் சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தேன், பதில்கள்கூட வைத்திருந்தேன். நீங்கள் "செரி" என்றீர்கள். அவ்வளவுதான். அதன்பிறகு எட்டு மாதம் என்னிடம் அந்த ஒரு சொல்தான். சாப்பிட்டீர்களா மைனி? செரி. மருந்து வாங்கி வரவா? செரி. ஊரில் யாரும் பேசாமல் இருக்கலாம், உங்களுக்கு அது பொருந்தவில்லை. பேசிப்பேசி என்னைக் கொன்ற நாட்களே தேவலாம் என்று ஆகிவிட்டது. ஏன் மாற்றினாய் என்று கேட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். நீங்கள் கேட்கவே இல்லை. நானாகவும் கேட்கவில்லை. எனக்கும் பிடிவாதம் உண்டு என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் அடக்கத்தன்று குலசேகரத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்தார்கள். யாரென்று எனக்குத் தெரியவில்லை. அவர்களில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் பெயர் சுகந்தி, அங்கே எண்ணெய்க் குழுவுக்குத் தலைவி என்றாள்.

"நீங்கதான டீச்சர், அவங்க நாத்தனா? பெரிய மனசு உங்க மைனிக்கு. புக்குல அந்த எடத்த நான்தான் தப்பா எழுதிட்டேன், மன்னிச்சிருங்கன்னு எங்க எல்லாரு முன்னாடியும் சொன்னாங்க. படிச்சவங்க யாரு அப்படி ஒத்துக்கிடுவாங்க?"

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எந்த இடம் என்று கேட்டேன். எட்டாம் பக்கம் என்றாள். பெட்டியைத் தூக்கும் நேரம் அது. எல்லாரும் பாட்டு எடுத்தார்கள். நான் அவளிடம் "அது நான் எழுதினது" என்று சொல்லியிருக்க வேண்டும். "ஆமா" என்றேன். எதற்கு ஆமா? உங்கள் பெரிய மனசுக்கா, உங்கள் தப்புக்கா? இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஆமா.

முழுக்கதையும் பிறகுதான் சுகந்தி சொல்லி எனக்குத் தெரிந்தது. உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் நான் எழுதத்தான் போகிறேன். என்னிடம் நீங்கள் சொல்லாமல் விட்டதை உங்களுக்கே திருப்பிச் சொல்வதில் எனக்கு ஒரு திருப்தி இருக்கிறது.

அந்தக் குழுவில் எல்லாரும் ரப்பர் தோட்டத்து வீட்டுப் பெண்கள். ஷீட் போடும்போது பாலில் ஆசிட் விட்டதும் மேலே நிற்கும் நுரையை வழித்து எறிவார்கள், இல்லையென்றால் ஷீட்டில் குமிழி விழும். கை அப்படிப் பழகிய கை. முதன்முதலாக எண்ணெய் எடுக்க உட்கார்ந்த அன்று, சொல்லிக்கொடுக்க வரவேண்டியவர் வரவில்லை. புத்தகத்தை வைத்துக்கொண்டு தாங்களே ஆரம்பித்தார்கள். முந்நூறு தேங்காய், எல்லாம் அவரவர் வீட்டு மரத்துக் காய். துருவி, பிழிந்து, வைத்து, மேலே வெள்ளைவெளேரென்று கெட்டிப்பால் ஏறி நின்றது. சுகந்தி எட்டாம் பக்கத்தை வாசித்தாள். பால்ம நீக்கம் செய்யவும்.

"பால்மம்னா பாலு மாதிரி மேல நிக்கதாக்கும்னு வெளங்குச்சு. அத நீக்கணும். ரப்பர் பாலு நுர மாதிரிதான்னு நெனச்சோம் டீச்சர். வழிச்சு வாளி வாளியா வாழ மரத்து மூட்டுல கொண்டு கொட்டுனோம்."

எண்ணெய் வரக் காணோம் என்று, திறந்து பிடித்து வைத்திருந்த அடித்தண்ணீரைப் புத்தகத்தில் இல்லாதபடி காய்ச்சினார்கள். வீட்டில் பிள்ளை பிறந்தால் தேங்காய்ப்பாலைக் காய்ச்சி உருக்கெண்ணெய் இறக்கிய கைகள்தான் அவை. காய்ச்சக் காய்ச்ச எண்ணெய் வரும் என்ற நம்பிக்கையில் காலையிலிருந்து சாயங்காலம்வரை தண்ணீரைக் காய்ச்சியிருக்கிறார்கள் மைனி. அந்த வாரம் ஐக்கியத்துக் கூட்டத்தில் முதல் குப்பி எண்ணெயைக் கொண்டு வைப்பதாகச் சொல்லியிருந்தார்களாம். வெறுங்கையோடு போக வெட்கப்பட்டு யாரும் போகவில்லை. நாலு பேர் இனி வரமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். நமக்கு எதுக்கு இந்தப் புத்தக வேலை, நாம மக்கு என்று அவர்கள் பேசிக்கொண்டதாகச் சுகந்தி சொன்னபோது எனக்குக் காது எரிந்தது. யாரும் அவ்வளவு முட்டாள் இல்லை என்று உங்களிடம் சொன்னது நான். சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். முட்டாள் அங்கே இல்லை, அச்சகத்தில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தாள்.

விஷயம் உங்கள் காதுக்கு வந்திருக்கிறது. மூன்றாவது சிகிச்சை முடிந்து பத்து நாள். அண்ணனிடம் பல் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுத் தக்கலையில் பஸ் ஏறியிருக்கிறீர்கள். ஒரு குப்பியில் எண்ணெயும் தண்ணீரும் பிரிந்து நிற்கிறது, அதை மடியில் வைத்து, அந்தச் சாலையில், அந்த வளைவுகளில், குலுங்காமல் குலசேகரம்வரை. நான் ஒரு குடம் தண்ணீரைக் கிணற்றடியிலிருந்து சிந்தாமல் கொண்டுவந்ததில்லை.

அங்கே போய் என்ன செய்தீர்கள்? அத்தனை கவனமாகக் கொண்டுபோன குப்பியை, எல்லாரும் பார்க்க, மூடியை இறுக்கிவிட்டு, இருக்கும் பலத்தையெல்லாம் கூட்டிக் குலுக்கினீர்கள். வெள்ளையாகிவிட்டது. பெண்கள் ஐயையோ என்றார்களாம். நீங்கள் அதைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சொன்னீர்களாம்:

"நான் இதுல ஒண்ணும் சேக்கல்ல, ஒண்ணும் எடுக்கல்ல, மூடியத் தொறக்கவும் இல்ல. பாத்துக்கிட்டே இருங்க மக்கா. யாரும் தொடாண்டாம்."

பிறகு நீங்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டீர்கள். அவர்கள் சுற்றிலும் உட்கார்ந்தார்கள். யாரோ கஞ்சித்தண்ணீர் கொண்டுவந்து தந்தார்கள். வெயில் பெஞ்சுக்கு வந்தது. அடியில் முதலில் கலங்கல் தெளிந்தது, பிறகு மேலே ஒரு விரல்கடைக்குத் துலக்கமாக எண்ணெய் நின்றது. இனி வரமாட்டேன் என்று சொன்ன நாலு பேரில் ஒருத்தி, "அப்ப எங்கள மாதிரி அதுவும் கொஞ்சம் சும்மா இருந்தா போதும்" என்றாளாம். நீங்கள் சிரித்து இருமிவிட்டீர்களாம். அப்போதுதான் புத்தகத்தில் இருக்கும் தப்பு உங்களுடையது என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு கமா தவறினால் ஊரெல்லாம் தண்டோரா போடுகிற ஆள் நீங்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, முழுக்க முழுக்க நீங்கள் சரி, முழுக்க முழுக்க நான் தப்பு. அதை என் முகத்தில் எறிய உங்களுக்கு ஐந்து மாதம் இருந்தது. வீட்டுக்கு வந்து "பாத்தியா ஏட்டி" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், கடைசியில் உங்கள் காலடியில் உட்கார்ந்து ஒரு வாய் கஞ்சி கொடுத்திருப்பேன். அதையும் எனக்குத் தராமல், என் தப்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். இது நியாயமா மைனி?

அடக்கம் முடிந்து ஆறு மாதம் கழித்து, புத்தகத்தை மறுபடி அச்சிட வேண்டும் என்று ஐக்கியத்தில் சொன்னார்கள். அன்றைக்கே நான் குலசேகரத்துக்குப் பஸ் ஏறினேன். பன்னிரண்டு பேர் துருவிக்கொண்டிருந்தார்கள். நான் நின்றபடியே சொன்னேன். அந்தச் சொல்லை எழுதியது மைனி இல்லை, நான். மைனி வேண்டாம் என்று அடித்ததை மறுபடி எழுதியதும் நான். அடக்கத்தன்று ஆமா போட்டதும் தப்பு.

துருவுகிற சத்தம் நின்றது. சுகந்தி மற்றவர்களைப் பார்த்தாள். பிறகு எல்லாரும் சிரிக்கத் தொடங்கினார்கள்.

"அது எங்களுக்கு அன்னைக்கே தெரியும் டீச்சர். நீக்கம்னு அந்த வார்த்தைய வாயில எடுக்கும்போ அவங்க மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே. வேப்பங்காயக் கடிச்ச மாதிரி. தான் எழுதுன வார்த்தைக்கு யாராவது அப்படி மூஞ்சியச் சுளிப்பாங்களா?"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அங்கேயே தேங்காய்ச் சிரட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். ஒருத்தி என் மடியில் துருவல் தட்டைத் தூக்கி வைத்துவிட்டு, சும்மா இருக்காண்டாம், பிழியுங்க என்றாள்.

எட்டாம் பக்கத்தை அவர்களோடு இருந்துதான் எழுதினேன். ஒருத்தி வாசிக்க, இன்னொருத்தி வாசித்தபடி மட்டும் செய்ய வேண்டும். மூன்று தடவை தப்பிற்று. நாலாவது தடவை நின்றது: "எண்ணெய் தனியாகத் தெளிந்து மேலே வரும்வரை கெட்டிப்பாலை அசைக்காமல் வைக்கவும். எதையும் எடுத்துக் கொட்ட வேண்டாம்." கடைசிப் பக்கத்துச் சொற்பட்டியலில், "பால்மம் பிரிதல்: கலந்து நின்ற எண்ணெயும் தண்ணீரும் தனித்தனியாதல்" என்று போட்டேன். பிரிதல், மைனி. உங்கள் சொல். இலக்கணப்படியும் அதில் குற்றமில்லை என்று தேடிப்பார்த்து உறுதி செய்துகொண்டேன். அதைச் செய்யாமல் என்னால் விட முடியாது, உங்களுக்குத் தெரியும்.

இப்போது யாருக்காவது செய்முறை ஒன்றை எழுதும்போது, பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கையாக இருந்தாலும், பேனா பாதியில் நிற்கிறது. இதை வாசிக்கிறவளின் கை எங்கே போகும் என்று யோசிக்கிறேன். ஐந்து நிமிட வேலைக்கு ஒரு மணிக்கூர் ஆகிறது. தலைமையாசிரியை என்மேல் எரிச்சலாக இருக்கிறார்.

நீங்க சொன்னதுதான் சரி மைனி. நாலே வார்த்தை. நீங்கள் இருந்த நாட்களில் என் வாயிலிருந்து வரவில்லை. இப்போது ஆசிரியர் அறையிலும் சபையிலும் பஸ்ஸிலும் சொல்லிக்கொண்டு திரிகிறேன், எங்க மைனி சொன்னதுதான் சரி என்று. எல்லாரும் ஆமா ஆமா என்கிறார்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அதுலயும் ஒரு தப்பு இருக்குட்டி என்று சொல்ல ஒருவர்கூட இல்லை. அது எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

உங்கள் நாத்தனார்